அரபிக் குத்தும் அரபி மொழியும்: 2022ஆம் ஆண்டின் வெற்றிப் பாடல்களை முன்வைத்து

பாக்தாதில் ஆட்சி செலுத்திய கலீஃபா ஹாரூன் ரஷீத், தம் அவைப் பாடகர்களை அழைத்து, அதுவரை வழங்கிவந்த பாடல்களுள் தலைசிறந்த நூறைத் தெரிந்தெடுத்துத் தருமாறு பணித்ததாக வரலாறு உண்டு. இப்ராஹீம் அல்மவ்ஸிலீ, இப்னு ஜாமிஃ, ஃபுலைஹ் ஆகிய மூவரும் கூடித் தெரிந்தனர். பின்னர் நூறிலிருந்து பத்தும், பத்திலிருந்து மூன்றும் வடித்தெடுக்கப்பட்டன. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்தபின் அபுல் ஃபரஜ் அல்இஸ்ஃபஹானீ (ஹி. 284–356) அந்த நூறு பாடல்களையே கால்கோளாகக் கொண்டு 'கிதாபுல் அகானீ' என்னும் பெருநூலை இயற்றினார். பூலாக் பதிப்பில் அஃது இருபது தொகுதிகள். ஒவ்வொரு பாடலுக்கும் கவிஞர் யார், இசை அமைத்தவர் யார், தாளம் என்ன, 'ஊத்' யாழின் நரம்பில் எந்த விரல் வைப்பில் அது பாடப்பட்டது, எந்தச் சூழலில் பிறந்தது என்றெல்லாம் அவர் எழுதிச் செல்கிறார். முற்கால அரபுக் கவிஞர் பலருடைய வாழ்க்கையைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி அந்நூலின் கொடையே.

ஆகவே அரபுக் கல்லூரி ஆசிரியன் ஒருவன் திரைப்பாடல்களை மதிப்பிட அமர்வது நம் மரபுக்குப் புறம்பானதன்று. இசை ஆகுமா, ஆகாதா என்னும் வழக்கு தனி. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் 'ஸமாஃ' குறித்துத் தனிப் பகுதியே வரைந்துள்ளார்கள்; இப்னு ஹஸ்ம் (ரஹ்) ஆகுமென்ற கட்சி; மறுத்துரைத்தோர் அவரினும் பலர். அவ்வழக்கை இவண் நான் எடுக்கப்போவதில்லை. நாம் விரும்பினும் விரும்பாவிடினும், பேருந்திலும் தேநீர்க் கடையிலும் திருமண மண்டபத்திலும் நம் பிள்ளைகளின் செவியில் விழுந்துகொண்டிருப்பவை இப்பாடல்கள். அவற்றின் சொல்லையும் பொருளையும் ஆராய்வது மொழியாசிரியனுக்குரிய வேலைதான்.

ஆய்வுக்கு 2022ஆம் ஆண்டை எடுத்துக்கொள்கிறேன். அவ்வாண்டில் தமிழகத்தில் பெரிதும் ஒலித்த பாடலொன்றின் பெயரிலேயே 'அரபி' இருந்தது என்பதே காரணம். அதற்குமுன், அதனோடு ஒலித்த ஏனைய பாடல்களைச் சற்றே பார்த்துவிடுவது அதை எடைபோட உதவும்.

'திருச்சிற்றம்பலம்' படத்துக்குத் தனுஷ் எழுதிப் பாடிய 'மேகம் கருக்காதா' இனிய மெட்டு. சொல்லில் சொல்லத்தக்க புதுமை இல்லை. 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தில் இளங்கோ கிருஷ்ணன் எழுதி ஏ.ஆர். ரஹ்மான் இசைத்த 'பொன்னி நதி', குதிரையின் நடையைத் தாளமாகக் கொண்டு காவிரி நாட்டைக் கண்முன் விரிக்கும் வழிநடைப் பாட்டு. அதில் ஒலித்த குரல்களுள் ஒன்று பம்பா பாக்யாவினுடையது. அடித்தொண்டையிலிருந்து மண்ணின் கனத்தோடு எழும் அக்குரலுக்குரியவர், படம் திரைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, செப்டம்பர் 2022 தொடக்கத்தில் மறைந்துபோனார். தமிழ்த் திரையிசைக்கு அது பெரிய இழப்பு.

'விக்ரம்' படத்துக்குக் கமல்ஹாசன் எழுதிப் பாடிய 'பத்தல பத்தல' சென்னைப் பேச்சுமொழியில் அமைந்தது. ஒன்றிய அரசை அது இடித்துரைக்கிறது எனக் காவல்துறையில் புகாரும் தரப்பட்டது. கொச்சை என்று அதை ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. சென்னையின் பேச்சுமொழி ஓர் அருங்காட்சியகம். 'பேஜார்', 'உஷார்', 'மஜா' ஆகியன பாரசீகத்திலிருந்து வந்து அங்கே குடியேறியவை. 'கலீஜ்' என்று மக்கள் முகஞ்சுளித்துச் சொல்வது அரபியின் 'கலீழ்' உருதுவின் வழியாக வந்திறங்கிய வடிவம். மூலத்தில் அதற்குத் தடித்தது, முரடானது என்று பொருள். குர்ஆனில் (3:159) கடின உள்ளத்தைக் குறிக்க அச்சொல் வருகிறது. உருதுவில் அழுக்கு என்றாகி, சென்னைத் தெருவில் குடிபுகுந்துவிட்டது. பொருள் மாறியது, ஆனால் பொருள் இல்லாமற் போகவில்லை. அச்சொல்லை ஆள்பவனுக்குத் தான் என்ன சொல்கிறோம் என்பது தெரியும். இவ்வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

என் மதிப்பீட்டில் அவ்வாண்டின் சிறந்த பாடல் 'வெந்து தணிந்தது காடு' படத்தின் 'மல்லிப்பூ'. தாமரை எழுதியது, ரஹ்மான் இசை, பாடியவர் மதுஸ்ரீ. தென்மாவட்டத்திலிருந்து மும்பைக்குப் பிழைக்கச் சென்று பரோட்டாக் கடையில் வேலை செய்யும் ஆடவர்கள், நெருக்கமான ஓர் அறையில் கூடி வாழ்கிறார்கள். அவர்களுள் ஒருவனுடைய மனைவி ஊரிலிருந்து தொலைபேசியில் பாடுகிறாள். அறையிலுள்ள அனைவரும் அதைக் கேட்டு ஆடுகிறார்கள். காட்சி அவ்வளவே. ஆனால் அந்த ஆட்டத்துக்குள் எத்தனை துயரம்! ஒருத்தி தன் கணவனுக்குப் பாடியது, மனைவியைப் பிரிந்த அத்தனை பேருக்குமான பாட்டாகிவிடுகிறது. சங்கப் பாடல்களில் தலைவி தோழியிடம் சொன்னதை நாம் அனைவரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லையா, அதைப் போல. பொருள்வயிற் பிரிவு என்று தொல்காப்பிய மரபு வகுத்ததற்கு 2022இல் எழுதப்பட்ட உரை இப்பாடல் எனலாம்.

இதைக் கேட்டபோது நம் ஊர்ப் பெண்டிரை நான் எண்ணாதிருக்க இயலவில்லை. 'சபர்' என்னும் அரபுச் சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். நம் கடற்கரை ஊர்களிலும் டெல்டாப் பகுதியிலும் அஃது அயல்நாட்டுப் பிழைப்பைக் குறிக்கும் சொல்லாயிற்று. அயல்நாடு சென்றவர் 'சபராளி' ஆனார். மணமுடித்த நாற்பதாம் நாள் விமானமேறி, ஈராண்டுக்கு ஒருமுறை இரு மாதம் ஊர் வந்து, நரைத்தபின் நிலையாகத் திரும்பும் ஆடவரையும், அவருக்காகக் காத்திருந்தே முதுமையடைந்த மனைவியரையும் நாம் நான்கு தலைமுறையாகக் கண்டுவருகிறோம். இந்தக் காத்திருப்பைத் தமிழில் பாடிய நம்மவர் பாட்டு ஒன்றேனும் எல்லார் வாயிலும் நிற்கிறதா? மலையாளத்தில் நின்றது. எஸ்.ஏ. ஜமீல் 1970களின் பிற்பகுதியில் எழுதிய 'துபாய்க் கத்துப் பாட்டு', வளைகுடாவிலிருக்கும் கணவனுக்கு மனைவி எழுதும் கடிதமாக அமைந்து கேரளம் முழுவதையும் கலங்கவைத்தது. கணவனின் மறுமொழிக் கடிதத்தையும் அவரே பாட்டாக்கினார். நமக்கோ அந்த உணர்வைப் பாடித்தர மும்பைப் பரோட்டாக் கடையை வைத்து ஒரு திரைப்படம் வேண்டியிருந்தது.

இனி அந்த அரபிப் பாட்டுக்கு வருவோம்.

'பீஸ்ட்' படத்துக்காக அனிருத் இசையமைத்து, நடிகர் சிவகார்த்திகேயன் எழுதி, அனிருத்தும் ஜொனிதா காந்தியும் பாடிய 'அரபிக் குத்து' 2022 பிப்ரவரி 14 அன்று வெளியாயிற்று. 'ஹலமிதி ஹபீபோ' என்பது அதன் மறுபெயர். யூடியூபில் அதன் பார்வைகள் கோடிகளில் எண்ணப்பட்டன. விஜய்யும் பூஜா ஹெக்டேயும் ஆடிய ஆட்ட அடவுகளைச் சிறுவர் முதல் விளையாட்டு வீரர் வரை ஆடிக் காட்டினர். நம் வீட்டு வலீமாக்களும் விதிவிலக்கல்ல என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அவ்வாண்டு முதல் ஜும்ரா மாணவர் சிலர் 'ஸர்ஃப்' வகுப்பில் என்னிடம் ஓர் ஐயம் எழுப்பினர். "ஹஜ்ரத், ஹலமிதிக்கு வேர் என்ன?" என்றனர். கேலியாகக் கேட்டதை நான் மெய்யாகவே எடுத்துக்கொண்டேன். அரபியில் 'ஹலமிதி' என்றொரு சொல் இல்லை. வலிந்து பொருள் காண்பதாயின், 'ஹலம்தி' என்று இறந்தகால முன்னிலைப் பெண்பால் வினை உண்டு. 'நீ கனவு கண்டாய்' என்று பொருள்படும். 'ஹபீபோ' என்பது செம்மொழியில் இல்லை. ஆயினும் சாம், எகிப்து நாடுகளின் பேச்சுவழக்கில் 'அவனுடைய அன்பன்' என்பதை ஏறத்தாழ இவ்வாறு ஒலிப்பர். இரண்டையும் கூட்டினால், 'பெண்ணே, நீ கனவு கண்டாய், அவனுடைய அன்பன்' என்று எழுவாயும் பயனிலையும் ஒன்றையொன்று தேடியலையும் ஒரு வாக்கியம் கிடைக்கும். மாணவர்கள் சிரித்தனர். ஹ–ல–ம என்னும் வேரிலிருந்து கனவைக் குறிக்கும் 'ஹுல்ம்', பொறுமையைக் குறிக்கும் 'ஹில்ம்', அல்லாஹ்வின் திருநாமமாகிய 'ஹலீம்' எல்லாம் எவ்வாறு கிளைக்கின்றன என்பதை அன்று அவர்கள் மறக்கவியலாதபடி படித்தனர். அப்பாடல் எனக்குச் செய்த ஒரே உதவி அது.

ஆக, எழுதியவரும் இசைத்தவரும் அரபியில் எதையும் சொல்ல முனையவில்லை; அரபி போன்ற ஓசையை வேண்டினர், அதை உண்டாக்கிக்கொண்டனர். இதில் என்ன பிழை என்று கேட்கலாம். பொருளற்ற ஓசைக்குப் பாட்டில் இடமுண்டே? உண்டு. நம் ஏலேலோவுக்கும் தன்னானேவுக்கும் என்ன பொருள்? தில்லானா முழுவதும் ஓசைதானே? அரபு 'மவ்வால்' பாடகர்கள் தொடக்கத்தில் 'யா லைல், யா ஐன்' என்று நெடுநேரம் இழுத்துப் பாடும்போது இரவையும் கண்ணையும் எவரும் எண்ணுவதில்லை. அங்கே குரல் மட்டுமே நிற்கிறது. ஆயின் ஏலேலோவை எவரும் ஒரு வேற்று மொழியின் பெயரால் வழங்கியதில்லை. இப்பாடலோ பெயர்ப்பலகையில் ஒரு மொழியை எழுதிவைத்துவிட்டு, உள்ளே அம்மொழியின் போலி ஓசையை வைத்திருக்கிறது. கெய்ரோவில் ஒருவர் வாயில் வந்ததையெல்லாம் டகர ளகரங்களால் நிரப்பி அதற்குத் 'தமிழ்க் கூத்து' என்று பெயரிட்டால் நாம் என்ன செய்வோம்? சிரிப்போம்; இரண்டாம் நாள் கடிந்து எழுதுவோம்.

இப்பாடலைக் குறித்து நம் ஆலிம்கள் சிலர் வேறொரு கோணத்தில் வருந்தினர். வேதமொழியைக் குத்துப்பாட்டுக்கு இறக்கிவிட்டனரே என்பது அவர்கள் குறை. அவர்களுடைய கண்ணியத்துக்குத் தலைவணங்கியே மாறுபடுகிறேன். அரபி வேதம் இறங்கிய மொழி. எனினும் வேதத்துக்கு மட்டுமேயான மொழியாக அஃது எக்காலத்தும் இருந்ததில்லை. நாம் மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் முஅல்லகாத்தில் இம்ரவுல் கைஸ் பாடுவது என்ன? முதல் ஹிஜ்ரி நூற்றாண்டில் இருபெரும் திருநகரங்களே இசைக்கும் பேர்பெற்றிருந்தன. மக்காவில் இப்னு ஸுரைஜ், மதீனாவில் மஃபத், ஜமீலா. ஹஜ்ஜுக்கு வரும் உயர்குடிப் பெண்டிரை வர்ணித்து உமர் இப்னு அபீ ரபீஆ எழுதிய கஸல்களைத்தான் அவர்கள் பாடினர். இமாம் ஒருவரின் மகளாகப் பிறந்து, தந்தையோடு ஊரூராகச் சென்று நபிபுகழ் பாடித் தொடங்கிய உம்மு குல்ஸூம், ரியாத் அஸ்ஸுன்பாத்தியின் இசையில் அஹ்மத் ஷவ்கியின் 'நஹ்ஜுல் புர்தா'வையும் பாடினார். 1964இல் முஹம்மத் அப்துல் வஹ்ஹாபின் இசையில் 'இன்த்த உம்ரீ' என்னும் காதல் பாடலையும் பாடினார். இரண்டும் அரபியே. மொழி இழிந்தது காதலால் அன்று, ஆட்டத்தாலும் அன்று. சொல்லுக்கு ஒன்றும் சொல்ல இல்லை என்று ஆக்கியதால்தான்.

இருமொழி கலந்து பாடுவதும் புதிதன்று. அந்தலூஸில் பிறந்த 'முவஷ்ஷஹ்' என்னும் இசைப்பா வகை இதற்குத் தக்க சான்று. பாட்டு முழுவதும் செவ்விய அரபியில் செல்லும். 'கர்ஜா' எனப்படும் இறுதி அடிகள் மட்டும் பேச்சு அரபியிலோ, அந்நாட்டு மக்களின் ரோமானிய மொழியிலோ, பெரும்பாலும் ஒரு பெண்ணின் கூற்றாக வந்து முடியும். எகிப்தின் இப்னு ஸனாஉல் முல்க் (மறைவு ஹி. 608) தம் 'தாருத் திராஸ்' நூலில் இதற்கு இலக்கணமே வகுத்தார், கர்ஜா காரமாக, தெருமொழியில், சுருக்கென்று தைக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஒரு வகையில் 'குத்து' என்பதும் அதுதான்! பாரசீகத்தில் அரபி கலந்து எழுதுவதை 'முலம்மஃ' என்றனர். ஹாஃபிஸின் திவான் தொடங்குவதே அரபு வரியில்தான். இவற்றிலெல்லாம் இரு மொழிகளும் ஒன்றையொன்று அறிந்தவை. ஒன்று கேட்க மற்றொன்று விடை சொல்லும்.

தமிழில் இக்கலப்புக்கு நானூற்றைம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் அரங்கேற்றிய 'ஆயிரம் மசலா'வின் பெயரே பாதி அரபி. மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து என்று புதுச் சிற்றிலக்கிய வகைகளையே அரபு, பாரசீகத்திலிருந்து கொண்டுவந்து தமிழ்ச் செய்யுளில் நட்டனர் நம் முன்னோர். காயல்பட்டினம் காசிம் புலவர் அருணகிரியாரின் சந்தத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது திருப்புகழ் பாடினார். குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) பராபரக்கண்ணி என்ற தமிழ் வடிவத்துக்குள் சூஃபிக் கலைச்சொற்களை இழைத்தார். கீழக்கரை செய்யிது ஆசியா உம்மாவும் இளையான்குடி கச்சிப்பிள்ளை அம்மாளும் மெய்ஞ்ஞானத்தைப் பெண்மொழியில் பாடினர். இவர்கள் பாடல்களில் வரும் அரபுச் சொல் எதையும் எடுத்துவிட்டால் அடி இடிந்துவிடும். அத்துணைப் பாரத்தை அது தாங்கி நிற்கும். 'ஹலமிதி'யை எடுத்துவிட்டு வேறெந்த நாலெழுத்தை வைத்தாலும் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது.

இசையைப் பற்றியும் ஒரு சொல். திரையில் அரபுச் சூழல் வேண்டுமென்றால் நம் இசையமைப்பாளர்கள் பெரும்பாலும் நாடுவது 'ஹிஜாஸ்' குடும்பத்து மகாம்களையே. அவை நமக்கு அந்நியமல்ல: ஹிஜாஸ் வகுளாபரணத்தைப் பெரிதும் ஒத்தது, ஹிஜாஸ்கார் ஏறத்தாழ மாயாமாளவகௌளையே. சங்கீதம் கற்கும் தமிழ்ச் சிறுமி முதற்பாடமாகப் பயிலும் சுரங்கள் அவை! அரபிசைக்கே உரிய, இரு சுரங்களின் இடையில் நிற்கும் கால் சுருதிகளைக் கொண்ட ராஸ்த், பயாத்தி முதலியவை திரைக்கு வருவதில்லை. வழக்கமான மின்விசைப் பலகையில் அவை அகப்படா என்பதும் ஒரு காரணம். எகிப்தின் பெருங்காரிகள் தம் கிராஅத்தைப் பெரும்பாலும் தொடங்குவது பயாத்தியில். அப்துல் பாஸித் (1927–1988) அவர்களின் ஓதலை வானொலியிலும் ஒலிநாடாவிலும் கேட்டு வளர்ந்த தமிழ் முஸ்லிம் செவிக்கு அரபியின் ஓசை எது என்பது தெரியும். திரை காட்டும் 'அரபி'யில் அந்த ஓசை மட்டும் இல்லை.

இவையெல்லாம் இலக்கண வழக்கு. இதோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு நீட்டி எழுதியிரேன். பாடலை அது இடம்பெற்ற படத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் நெஞ்சு உறுத்துகிறது.

'பீஸ்ட்' 2022 ஏப்ரல் 13 அன்று வெளியாயிற்று. சென்னையில் ஒரு பேரங்காடியைப் பயங்கரவாதிகள் கைப்பற்றி, சிறையிலுள்ள தம் தலைவனை விடுவிக்கக் கோருகின்றனர்; முன்னாள் உளவு அதிகாரியான நாயகன் அவர்களை வீழ்த்துகிறான். அத்தலைவனுக்குப் படத்தில் இடப்பட்ட பெயர் உமர் ஃபாரூக். ஃபாரூக், உண்மையையும் பொய்யையும் பிரித்தறிபவர் என்று நாம் பொருள் சொல்லி, நீதிக்கு எடுத்துக்காட்டாகப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பெயர் அது. குவைத்தும் கத்தாரும் அப்படத்தைத் திரையிட இசையவில்லை. அரபு நாடுகள் படத்தைத் தள்ளின. 'அரபிக் குத்து' இணையத்தில் அந்நாடுகளின் தெருக்களிலும் தடையின்றி ஒலித்தது.

ஒரே படத்தில் அரபுச் சாயலுக்கு இரண்டு வேலைகள் தரப்பட்டுள்ளன. ஒன்று, பொருளின்றிக் குலுங்குவது. மற்றொன்று, துப்பாக்கியோடு மிரட்டுவது. இவ்விரண்டுக்கும் நடுவே, கணக்கெழுதும், கடன் வாங்கும், மகளை நினைந்து அழும், தொழுது முடித்துத் தேநீர் அருந்தும் மனிதன் எவனும் இல்லை. நம் எதிர்ப்பும் எப்போதும் இரண்டாவதோடு நின்றுவிடுகிறது. 'துப்பாக்கி' (2012), 'விஸ்வரூபம்' (2013) ஆகியவற்றை எதிர்த்து இறங்கினோம்; 'பீஸ்ட்'டையும் தடைசெய்யக் குரல்கள் எழுந்தன. பயங்கரவாதியின் பெயரைக் கண்டித்தவர்களே பாட்டைக் கைபேசியின் அழைப்பொலியாக வைத்திருந்தனர். முதலாவது இல்லாமல் இரண்டாவது இவ்வளவு எளிதாக நடவாது என்பது என் துணிபு. ஒரு மக்களின் மொழியை வெறும் ஓசையாகக் கேட்டுப் பழகிய செவி, அம்மக்கள் பேசுவதைப் பொருளோடு கேட்க முயல்வதில்லை. பிறகு அவர்கள் 'அல்லாஹு அக்பர்' என்றாலும் அச்சுறுத்தலாகவே அது விழும்.

இங்கே இந்தித் திரையிசையோடு ஓர் ஒப்பீடு தேவைப்படுகிறது. இரண்டுக்கும் பொதுவாக ரஹ்மான் இருக்கிறார். ஓவியர் எம்.எஃப். ஹுசைன் இயக்கிய 'மீனாக்ஷி' (2004) படத்தில் ரஹ்மானின் 'நூருன் அலா நூர்' இடம்பெற்றது. குர்ஆனின் (24:35) தொடரைப் பெண்ணழகுக்கு ஆண்டனர் என்று உலமாக்கள் தரப்பிலிருந்து மறுப்பு எழ, படமே திரையரங்குகளிலிருந்து எடுக்கப்பட்டது. ஏழாண்டு கழித்து 'ராக்ஸ்டார்' (2011) படத்தில், இர்ஷாத் காமில் எழுதிய 'குன் ஃபயகூன்' வந்தது. அதுவும் குர்ஆனின் தொடரே. ஆனால் நிஸாமுத்தீன் அவ்லியா (ரஹ்) அவர்களின் தர்காவில், வீடிழந்த ஓர் இளைஞன் தன்னைப் படைத்தவனிடம் பேசும் இடத்தில் அது வைக்கப்பட்டது. முன்னதில் நான் மறுப்பாளர் பக்கம். பின்னதைக் கேட்டுக் கண்கலங்கியோருள் நானும் ஒருவன். இரண்டிலும் அரபிக்குப் பொருள் இருந்தது. அதனால்தான் ஒன்றோடு வழக்காடவும் மற்றொன்றோடு உருகவும் முடிந்தது. 'ஹலமிதி'யோடு வழக்காடக்கூட வழியில்லை.

தமிழ்த் திரையுலகம் அரபியை அறியாதது என்றும் சொல்வதற்கில்லை. அவர்கள் நாள்தோறும் உச்சரிக்கும் 'வசூல்' தூய அரபி. தயாரிப்பாளரைத் தூங்கவிடாத 'பாக்கி'யும் அரபியே. 'அசல்', 'கைதி' என்று படங்களுக்கே பெயர் சூட்டியிருக்கின்றனர். 2023இல் 'ஜெயிலர்' படத்தில் வந்த 'ஹுக்கும்' பாடலில் அச்சொல் ஆணை என்னும் தன் பொருளோடு கம்பீரமாகவே நிற்கிறது. சிந்தித்துப் பார்த்தால், அரபி என்று தெரியாமல் ஆளும்போது சரியாக ஆள்கின்றனர். அரபி என்று பெயர் சூட்டும்போதுதான் பொருள் போய்விடுகிறது.

ஆனால் குறைகூறுதலோடு நிறுத்திக்கொள்ள நமக்கு உரிமை உண்டா என்பது ஐயமே. நாகூர் ஹனீஃபா (1925–2015) அவர்களின் குரல் ஒலித்த காலத்தில் தமிழ் முஸ்லிமின் பாட்டு அனைவர் வீட்டிலும் கேட்டது. 'இறைவனிடம் கையேந்துங்கள்' கோயில் திருவிழா ஒலிபெருக்கியிலும் ஒலித்ததை நம் தலைமுறை அறியும். அவருக்குப் பின் நாம் செய்தது பெரும்பாலும் நகல். வெற்றிபெற்ற திரைமெட்டை எடுத்து, சொல்லை மட்டும் மாற்றி, நபிபுகழ் என்று வெளியிடுகிறோம். இதே 'அரபிக் குத்து' மெட்டுக்கு இஸ்லாமியச் சொற்களை இட்டுப் பாடக் கேட்டால் எவரும் வியக்க மாட்டார்கள் என்பதே நம் நிலைமைக்குச் சான்று.

அதே 2022இல் அண்டை மொழியில் நடந்ததைப் பாருங்கள். ஆகஸ்டில் காலித் ரஹ்மானின் 'தல்லுமாலா' வெளியாயிற்று. மலபார் மாப்பிள்ளை இளைஞர்களின் கதை. விஷ்ணு விஜய்யின் இசை. பாடல்களில் முஹ்சின் பராரியின் கைவண்ணம். கதையென்று பார்த்தால் ஒரே அடிதடி; அதை நான் பரிந்துரைக்கவில்லை. ஆனால் பாடல்களில் மாப்பிள்ளைப் பேச்சும், கல்யாண வீட்டு ஆரவாரமும், மாப்பிளப்பாட்டின் தாளமும் இன்றைய இளைஞரின் இசையோடு சேர்ந்து ஒலித்தன. பாடியோரும் ஆடியோரும் தம் சொற்களின் பொருளை அறிந்திருந்தனர். மோயின்குட்டி வைத்தியர் 1872இல் 'பத்ருல் முனீர் ஹுஸ்னுல் ஜமால்' பாடியது முதல் அறுபடாது வந்த அரபு மலையாள மரபு அவர்களுக்கு இன்னும் கைவசம் இருக்கிறது.

நமக்கும் அத்தகைய மரபு உண்டு, கைவசம்தான் இல்லை. நம் கல்லூரிகளில் மாணவன் கலீல் இப்னு அஹ்மதின் அரூழைப் பயில்கிறான்; தவீலுக்கும் பஸீத்துக்கும் வேறுபாடு சொல்கிறான்; முதனப்பீயை மனனம் செய்கிறான். சிந்து, கண்ணி, கும்மி என்றால் விழிக்கிறான். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) போன்றோர் அரபுத் தமிழில் எழுதிக் குவித்தவை நம் பாடத்திட்டத்தில் இல்லை. தமிழ்த் துறைகளிலோ சீறாப்புராணத்தின் சில படலங்களுக்கு அப்பால் செல்வதில்லை. அரபு யாப்பைப் பயின்ற மாணவனிடம் காசிம் புலவரின் திருப்புகழைக் கொடுத்து, சந்தம் பிரித்து, அரபுச் சொல் எங்கெங்கே தமிழ்த் தாளத்தோடு இசைந்து நிற்கிறது என்று குறித்துவரச் சொல்லலாம். ஓர் அரையாண்டுக்குப் போதுமான வேலை அது; இந்த ஷவ்வாலில் புதிய வகுப்பு தொடங்கும்போது அதைத்தான் செய்ய எண்ணியிருக்கிறேன்.